முஃதா படையெடுப்பு (ஹிஜ்ரி 8): காரணம், படை எண்ணிக்கை, முடிவு குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி: உசிலம்பட்டி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். எங்கள் துறையின் கருத்தரங்கில் இஸ்லாத்தின் தொடக்கக் காலப் படையெடுப்புகளுள் ஒன்றைப் பற்றி நான் கட்டுரை வாசிக்க வேண்டும். பத்ரு, உஹது, அகழ்ப்போர் ஆகியவற்றைப் பிற மாணவர்கள் எடுத்துக்கொண்டதால், கி.பி. 629இல் மதீனாவிலிருந்து இன்றைய ஜோர்டான் நாட்டின் தென்பகுதி வரை சென்ற முஃதா படையெடுப்பை நான் தேர்ந்தெடுத்தேன். படிக்கப் படிக்க, மற்றவற்றைவிட இதுவே சிக்கலானது என்று தோன்றுகிறது.

என்னுடைய ஐயங்கள் மூன்று. முதலாவது, அரேபியாவுக்குள்ளேயே மக்கா இன்னும் எதிரணியில் இருந்த வேளையில், 3,000 பேரை அவ்வளவு தொலைவு வடக்கே அனுப்பியதற்கு உண்மையான காரணம் என்ன? இரண்டாவது, எதிரே நின்ற படை ஒரு லட்சம் என்றும் இரண்டு லட்சம் என்றும் எழுதப்பட்டிருப்பதை ஒரு வரலாற்று மாணவன் எப்படி எடுத்துக்கொள்வது? மூன்றாவது, காஜிமார் தெருவில் வசிக்கும் என் நண்பர் இதை வெற்றி என்கிறார். நான் படித்த பாடநூல் ஒரே வரியில் தோல்வி என்று முடித்துவிடுகிறது. எந்தச் சான்றை வைத்து எதைச் சொல்லலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: நெல்பேட்டைக்காரர்

தம்பி, நல்ல தலைப்பை எடுத்திருக்கிறீர்கள். நம் பகுதியில் ரமலான் 17ஆம் நாள் பள்ளிவாசல்களில் பத்ரு ஸஹாபாக்களை (பத்ருப் போரில் நின்ற நபித்தோழர்களை) நினைவுகூர்கிறோம்; பத்ரு மவ்லிது என்னும் புகழ்ப்பா ஓதும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. முஃதாவுக்கு அப்படிப்பட்ட இடம் தமிழ் முஸ்லிம்களின் நினைவில் அமையவில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பத்ருக்கும் உஹதுக்கும் படலங்கள் கண்ட காப்பியம், முஃதா வரை வரவேயில்லை.

காரணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான பயான்களில் (சமயச் சொற்பொழிவுகளில்) நீங்கள் கேட்பது, நபியின் படையெடுப்புகளைத் தொகுத்து எழுதிய வரலாற்றாசிரியர் வாகிதீ தரும் செய்தியாகும். நபி (ஸல்) அவர்கள் சிரியாவில் உள்ள புஸ்ராவின் ஆட்சியாளருக்குக் கடிதம் கொடுத்து ஹாரிஸ் இப்னு உமைர் (ரலி) என்ற தூதரை அனுப்பினார்கள் என்றும், வழியில் கஸ்ஸான் குலத்தைச் சேர்ந்த ஷுரஹ்பீல் இப்னு அம்ர் அவரைப் பிடித்துக் கொன்றுவிட்டான் என்றும், தூதரைக் கொன்ற அந்தச் செயலுக்கு விடையாகவே படை புறப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். அதற்குச் சற்று முன்னர், ஹிஜ்ரி 8 ரபீஉல் அவ்வலில், ஷாம் (சிரியா) எல்லையில் உள்ள தாத்து அத்லாஹ் என்னும் இடத்துக்குக் கஅப் இப்னு உமைர் (ரலி) தலைமையில் சென்ற 15 பேர் கொண்ட குழு ஏறக்குறைய முழுவதுமாகக் கொல்லப்பட்டது. ஆகவே வட எல்லையில் இரத்தம் சிந்தியது முஃதாவில்தான் முதன்முதலாக என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் நபியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் வாகிதீக்கு முந்திய தலைமுறையினருமான இப்னு இஸ்ஹாக் காரணம் எதையும் சொல்லவில்லை. ஜுமாதல் ஊலா மாதத்தில் படையை அனுப்பினார்கள் என்று மட்டும் தொடங்கிவிடுகிறார். இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

தலைமை ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். முதலில் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி), அவர் வீழ்ந்தால் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று முன்கூட்டியே வரிசை அறிவிக்கப்பட்டது. ஸைத் அவர்கள் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே தோழர். ஜஅஃபர் அவர்களோ நபியின் பெரிய தந்தை மகன், ஹாஷிம் குலத்தவர், அபிசீனியாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு முந்தைய ஆண்டுதான் கைபருக்கு வந்து சேர்ந்திருந்தார். குலப் பெருமையே எல்லாமாக இருந்த அந்தச் சமூகத்தில், முன்னாள் அடிமையின் கொடியின்கீழ் குறைஷிப் பிரமுகர் அணிவகுத்தது எளிய செய்தி அன்று. மூன்றாமவர் மதீனாவின் கஸ்ரஜ் குலத்துக் கவிஞர்.

படை தெற்கு ஜோர்டானின் மஆன் வரை சென்றபோது, பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசர் ஹெராக்ளியஸ் பெரும்படையுடன் மஆப் என்னும் இடத்தில் இருக்கிறார் என்ற செய்தி எட்டியது. இரண்டு இரவுகள் அங்கேயே தங்கி, மதீனாவுக்கு எழுதி உதவி கேட்பதா, திரும்புவதா என்று ஆலோசித்தார்கள். எண்ணிக்கையை நம்பி நாம் ஒருபோதும் போரிட்டதில்லை, இரண்டு நன்மைகளில் ஒன்று கிடைக்கும், வெற்றி அல்லது உயிர்த்தியாகம் என்ற கருத்தில் இப்னு ரவாஹா பேசிய பிறகே முன்னேறினார்கள். மூவரும் அந்த வரிசையிலேயே வீழ்ந்தார்கள். ஜஅஃபரின் உடலில் இருந்த ஐம்பது காயங்களில் ஒன்றுகூட முதுகில் இல்லை என்பதை இப்னு உமர் (ரலி) நேரில் கண்டு சொன்னதாகப் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது; இன்னோர் அறிவிப்பு தொண்ணூறுக்கும் மேல் என்கிறது.

செய்தி மதீனாவை எட்டியபோது, ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களைத் துயரம் ஆட்கொண்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மரணம் நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது நம் மதுரைப் பக்கத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள பழக்கம்தான். முஸ்லிம்களாகிய நாங்கள் அதைச் செய்யும்போது இந்த ஹதீஸையே எடுத்துச் சொல்வோம்.

பதில் 2: மேலூர் ஆசிரியை

மேலே எழுதியுள்ள ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. நான் பைசாந்தியத் தரப்பைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

629ஆம் ஆண்டின் சிரியா எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். பாரசீகர்கள் 614இல் எருசலேமைக் கைப்பற்றி, பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பகுதியைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 627 டிசம்பரில் நினிவே அருகே ஹெராக்ளியஸ் பெற்ற வெற்றிக்குப் பிறகு, 628இல் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரூ பதவி இழந்து கொல்லப்பட்டார். பாரசீகத் தளபதி ஷஹர்பராஸுடன் உடன்பாடு ஏற்பட்டது 629 ஜூலையில். அதன் பிறகே பாரசீகப் படைகள் வெளியேறின. பாரசீகர் எடுத்துச் சென்றிருந்த திருச்சிலுவையைப் பேரரசர் எருசலேமுக்குக் கொண்டுவந்து நிறுவியது 630 மார்ச்சில். முஃதா நிகழ்ந்ததோ 629 செப்டம்பரை ஒட்டி. அதாவது, பழைய ஆட்சி வெளியேறிய சில வாரங்களில், புதிய ஆட்சி எல்லைக் காவலை மீண்டும் அமைத்துக்கொண்டிருந்த வேளையில் மதீனாவின் படை அங்கே போய்ச் சேர்ந்தது. கால் நூற்றாண்டுப் போரில் மனிதரும் பணமும் கரைந்துபோன ஒரு பேரரசு, தன் பாலைவன ஓரத்தில் ஒரு லட்சம் வீரர்களை நிறுத்தியிருக்க வாய்ப்பே இல்லை. அவ்வளவு பேருக்கும் குதிரைகளுக்கும் அந்த மேட்டுநிலத்தில் தண்ணீரும் தீவனமும் கிடைத்திருக்காது.

கிறித்தவத் தரப்பில் தெயோஃபானெஸ் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிரேக்க வரலாற்றுக் குறிப்பில் இந்தப் போர் இடம்பெறுகிறது. முகம்மது நான்கு தளபதிகளை அனுப்பினார் என்றும், தெயோடோர் என்ற பைசாந்திய அதிகாரி குறைஷி ஒருவர் மூலம் அந்தத் திட்டத்தை அறிந்து, பாலைவனக் காவல்படையினரைத் திரட்டிக்கொண்டு மோதோஸ் என்ற ஊரில் தாக்கினார் என்றும், மூன்று தளபதிகளும் படையின் பெரும்பகுதியும் கொல்லப்பட, இறைவனின் வாள் எனப்படும் காலித் மட்டும் தப்பினார் என்றும் அவர் எழுதுகிறார். நிகழ்ச்சியை நபிகளின் மறைவுக்குப் பிந்தைய காலத்தில் வைத்திருப்பது அவருடைய பிழை. இருந்தாலும் ஊரின் பெயர், மூன்று தளபதிகளின் சாவு, காலித் மீண்டது ஆகிய மூன்றும் முஸ்லிம் நூல்களோடு அப்படியே பொருந்துகின்றன. எதிரெதிர் தரப்பில் நின்ற இரண்டு மரபுகள் இவ்வளவு பொருந்துவது ஏழாம் நூற்றாண்டு வரலாற்றில் அரிது. பாலைவனக் காவல்படை என்ற சொற்றொடரையும் விட்டுவிடாதீர்கள்: எதிரே நின்றது பேரரசரின் முதன்மைப் படை அன்று, எல்லைக் காவலர்களும் அவர்களோடு சேர்ந்த லக்ம், ஜுதாம், பலீ முதலிய அரபுக் குலத்தாருமே.

உசிலம்பட்டி மாணவன்:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. ஒரு தொடர் கேள்வி. படையின் பெரும்பகுதி கொல்லப்பட்டதாகத் தெயோஃபானெஸ் சொல்கிறார். முஸ்லிம் நூல்களில் உயிரிழந்தோர் மிகச் சிலர். 3,000 பேர் லட்சம் பேரை எதிர்த்து நின்று சிலரை மட்டுமே இழந்தார்கள் என்பதும் நம்பக் கடினமாக இருக்கிறது. பெரும்பகுதி அழிந்தது என்பதை ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. எதை வைத்துத் தீர்ப்பது?

பதில் 3: மேலூர் ஆசிரியை

பெயர்களை வைத்துத் தீர்க்கலாம் என்பேன். போர் வரலாற்றைப் படிக்கும்போது படையின் மொத்த எண்ணிக்கையை நான் கடைசியாகத்தான் நம்புவேன். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை முதலில் நம்புவேன். எதிரிப் படையை எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. தொலைவில் எழுந்த புழுதியும், பிற்காலத்தில் கதையைச் சொன்னவரின் பெருமிதமும் சேர்ந்தே அந்த எண்களை உருவாக்குகின்றன. இறந்தவனுக்கோ தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், அவன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் குலம் இருக்கிறது. அந்தப் பெயர் எளிதில் தொலைவதில்லை.

இப்னு இஸ்ஹாக் முஃதாவில் வீழ்ந்தவர்களாக எட்டுப் பெயர்களைத் தருகிறார். அவருடைய நூலைத் திருத்தி வழங்கிய இப்னு ஹிஷாம் மேலும் நால்வரைச் சேர்க்கிறார். ஆக 12 பேர். இந்தப் பட்டியல் முழுமையானது என்று நான் வாதிடமாட்டேன். படையோடு சென்ற பழங்குடியினர் சிலரின் பெயர் விடுபட்டிருக்கலாம். ஆனால் பத்ரில் வீழ்ந்த 14 பேரையும், உஹதில் வீழ்ந்த ஏறத்தாழ 70 பேரையும் குலவாரியாகப் பெயர் சொல்லிக் காத்த ஒரு மரபு, முஃதாவில் ஆயிரக்கணக்கானோர் மடிந்திருந்தால் 12 பெயர்களோடு நின்றிருக்காது. உஹது கசப்பான நினைவு. அதன் இழப்பை அவர்கள் மறைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே தெயோஃபானெஸின் பெரும்பகுதி என்ற கூற்று, முஸ்லிம் நூல்களின் இரண்டு லட்சம் என்ற கூற்றைப் போலவே மிகையானது. மோதல் கடுமையானது, ஆனால் குறுகியது. தலைமையைக் குறிவைத்து நடந்தது. பிறகு இரு தரப்பும் விலகின. பெயர்ப் பட்டியலோடு ஒத்துப்போவது இந்தச் சித்திரம் மட்டுமே.

பதில் 4: பேரையூர் முன்னாள் படைவீரர்

தரைப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். அரபு நூல்களை நேரடியாகப் படித்தவன் அல்லன், தமிழில் வந்தவற்றைப் படித்திருக்கிறேன். படைத்தொழில் கோணத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மதீனாவுக்கும் முஃதாவுக்கும் நேர்கோட்டிலேயே 800 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தரைவழியில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டகங்களில், கோடைக் கடைசியில், கிணறு கிணறாகக் கடக்க வேண்டும். பின்னாலிருந்து உதவி வந்துசேரப் பல வாரங்கள் ஆகும். மஆனில் அவர்கள் இரண்டு இரவுகள் தயங்கியதை நான் கோழைத்தனமாகப் பார்க்கவில்லை. பின்னணி உதவி இல்லாத எந்தப் படையும் நின்று யோசித்தே ஆக வேண்டிய இடம் அது. தலைவர்களுக்கு முன்கூட்டியே வரிசை வகுத்து அனுப்பியதும் அதே தொலைவை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடாகவே எனக்குத் தெரிகிறது. புதிய ஆணைக்காக மதீனாவைக் கேட்க வழியில்லாதபோது, கொடி யார் கைக்குப் போகும் என்பது ஒவ்வொரு வீரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வரிசை மூன்று பேரோடு முடிந்துபோன பிறகு நடந்ததுதான் இந்தப் படையெடுப்பின் உயிர்நாடி. தாபித் இப்னு அக்ரம் கொடியை எடுத்து உயர்த்தி, ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்; நீங்களே இருங்கள் என்று மற்றவர்கள் சொன்னபோது மறுத்தார்; படை காலித் இப்னு வலீதைத் தேர்ந்தெடுத்தது. காலித் இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆகியிருந்தன. உஹதில் மலைப் பக்கமாகச் சுற்றிவந்து இதே முஸ்லிம்களை நிலைகுலையச் செய்த குதிரைப்படைத் தலைவர் அவர். நேற்றுவரை எதிரியாக நின்றவரைச் சாவின் நடுவே தலைவராக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் படையில் தொழிலறிவு இருந்திருக்கிறது. அன்று தம் கையில் ஒன்பது வாள்கள் முறிந்தன என்றும், ஒரே ஒரு யமன் நாட்டு அகன்ற வாள்தான் மிஞ்சியது என்றும் அவரே பின்னாளில் சொன்னதாகப் புகாரியில் உள்ளது.

மறுநாள் காலையில் வலப்பக்கத்தாரை இடப்பக்கத்துக்கும், பின்னணியினரை முன்னணிக்கும் அவர் மாற்றி நிறுத்தினார் என்றும், புதிய முகங்களையும் கொடிகளையும் கண்ட எதிரி உதவிப் படை வந்துவிட்டதாக எண்ணித் தயங்கினான் என்றும் வாகிதீ சொல்கிறார். எதிரியோடு கைகலந்து நிற்கும் படையைக் கலையாமல் பின்வாங்கச் செய்வதைவிடக் கடினமான வேலை போர்க்களத்தில் வேறு இல்லை. முன்னேறும்போது தலைவன் தவறு செய்தால் வீரம் அதை ஓரளவு ஈடுகட்டும். பின்வாங்கும்போது ஓர் அணி உடைந்தால், சாவு பெரும்பாலும் துரத்தலில்தான் நேரும். ஏறத்தாழ 3,000 பேரும் வீடு திரும்பினார்கள் என்றால், துரத்தல் நடக்கவில்லை அல்லது நடக்கவிடாமல் செய்யப்பட்டது என்றே பொருள். எல்லைக் காவலர்களுக்கும், தங்கள் கிணறுகளை விட்டுத் தெற்கே பாலையில் இறங்கித் துரத்த விருப்பம் இருந்திருக்காது.

எனவே, தம்பி, வெற்றி தோல்வி என்ற இரண்டே பெட்டிகளில் ஒன்றில் இதைப் போட வேண்டாம். போன நோக்கம் நிறைவேறவில்லை, படை காப்பாற்றப்பட்டது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் 5: நெல்பேட்டைக்காரர்

முன்னாள் படைவீரர் ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் மாணவரின் நண்பர் இதை வெற்றி என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அல்லாஹ்வின் வாள்களில் ஒரு வாள் கொடியை ஏந்தினார், அவர் கைவழியே அல்லாஹ் வெற்றியளித்தான் என்ற பொருளில் நபிமொழி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு, காலித் கொடியேந்திய பிறகு எதிரி முறியடிக்கப்பட்டான் என்று கொண்ட அறிஞர்கள் உண்டு. இரு படைகளும் ஒன்றையொன்று விட்டு விலகின என்ற இப்னு இஸ்ஹாக்கின் கூற்றை ஏற்று, அவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து படை மீண்டதையே அந்த நபிமொழி வெற்றி என்கிறது என்று விளக்கியவர்களும் உண்டு. கருத்தரங்கில் இரு தரப்பையும் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

மதீனாவின் மக்கள் முதலில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. திரும்பிய படையினர் மீது மண்ணை வாரி இறைத்து, அல்லாஹ்வின் பாதையிலிருந்து ஓடிவந்தவர்களே என்று ஏசினார்கள். நபி (ஸல்) அவர்கள் குறுக்கிட்டு, இவர்கள் ஓடிவந்தவர்கள் அல்லர், அல்லாஹ் நாடினால் மீண்டும் போய்த் தாக்குபவர்கள் என்றார்கள். ஸலமா இப்னு ஹிஷாம் (ரலி) அந்த ஏச்சுக்கு அஞ்சித் தொழுகைக்குக்கூட வெளியே வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று அவருடைய மனைவி, நபியின் துணைவியரில் ஒருவரான உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்ன செய்தியை இப்னு இஸ்ஹாக் தருகிறார். தம் சமூகத்துக்குப் பெருமை சேர்க்காத இப்படிப்பட்ட செய்தியை யாரும் புனைந்து சேர்க்கமாட்டார்கள். அதனால் எனக்கு இந்தப் பகுதி மிகவும் நம்பகமாகப் படுகிறது. அந்த வீட்டின் வேதனையும் அதில் தெரிகிறது.

அடுத்து என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பாதி விடை இருக்கிறது. முஃதாவுக்கு அடுத்த மாதமே அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தலைமையில் 300 பேர் வடக்கே குதாஆ குலத்தார் பக்கம் தாத்துஸ் ஸலாஸிலுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு உதவியாக அபூஉபைதா (ரலி) 200 பேருடன் சென்றார். ஹிஜ்ரி 9இல் நபி (ஸல்) அவர்களே 30,000 பேருடன் தபூக் சென்றார்கள். அங்கே போர் நடக்கவில்லை. அய்லாவின் தலைவர் யுஹன்னா ஆண்டுக்கு 300 தீனார் தர ஒப்புக்கொண்டார், ஜர்பா, அத்ருஹ் ஊர்களும் உடன்பட்டன. பைசாந்தியத்தின் கை தளர்ந்திருந்த எல்லையோர ஊர்களையும் குலங்களையும் ஒவ்வொன்றாக மதீனாவின் பக்கம் திருப்பும் தொடர்ந்த முயற்சி இது. தூதர் கொலை உடனடிக் காரணமாக இருந்தாலும், அந்த முயற்சியின் ஓர் அடியாகவே முஃதாவை வைக்கத் தோன்றுகிறது.

கடைசியாக, உஸாமாவை விட்டுவிடாதீர்கள். ஹிஜ்ரி 11இல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயின்போது, முஃதாவில் வீழ்ந்த ஸைதின் மகன் உஸாமாவை (ரலி) முஃதா அமைந்த அதே பால்கா பகுதிக்குப் போகும் படைக்குத் தலைவராக்கினார்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞர், அதிலும் விடுதலை பெற்ற அடிமையின் மகன் என்று முணுமுணுப்பு எழுந்தது. இவர் தலைமையைக் குறை சொல்கிறீர்கள் என்றால், இதற்கு முன் இவர் தந்தையின் தலைமையையும் குறை சொன்னவர்கள்தாம் என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அவர்கள் மறைந்ததும், நாலாபுறமும் குலங்கள் கிளர்ந்தெழுந்த நெருக்கடியிலும், இந்தப் படையை நிறுத்தும்படி வந்த ஆலோசனையை முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) ஏற்கவில்லை. உஸாமா குதிரையில் செல்ல, கலீஃபா அவருக்குப் பக்கத்தில் நடந்துசென்று வழியனுப்பினார்.

உசிலம்பட்டி மாணவன்:

மூவருக்கும் நன்றி. தூதர் கொலை, தாத்து அத்லாஹ், பாரசீகர் வெளியேறிய காலம் ஆகியவற்றை முதல் பகுதியிலும், இறந்தோர் பட்டியலையும் தெயோஃபானெஸையும் இரண்டாம் பகுதியிலும் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்ற எண்களைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிடலாமா?

மேலூர் ஆசிரியை:

நீக்க வேண்டாம். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பிறகு தொகுக்கப்பட்ட நூலில் அந்த எண்கள் இருக்கின்றன என்று காலத்தோடு சேர்த்து எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே 12 பெயர்களையும் கொடுத்துவிடுங்கள். தெயோஃபானெஸ் இன்னும் பிந்தியவர், ஏறத்தாழ 180 ஆண்டுகள் தள்ளி எழுதியவர் என்பதும் வர வேண்டும். இல்லையென்றால் ஒரு தரப்பை மட்டும் சோதித்தீர்கள் என்ற கேள்வி அரங்கில் எழும். நிலப்படம் ஒன்றும் இணையுங்கள். மதீனா, வாதில் குரா, தபூக், மஆன், முஃதா, புஸ்ரா ஆகியவற்றை ஒரே கோட்டில் குறித்துக் காட்டினால், குறைஷியர் வணிகம் செய்துவந்த பழைய சிரியா வழியேதான் இந்தப் படைகளும் சென்றன என்பது கேட்பவர்களுக்கு எளிதாகப் புரியும்.